வில்ஃப் லார்ட்டர் பூசிய வடக்குச் சுவர்

வில்ஃப் லார்ட்டர் வடக்குச் சுவரின் அடியில் முழங்காலிட்டுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். தரையில் பழைய செய்தித்தாளை விரித்திருந்தார். பிரஷை டப்பாவின் விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்து, ஒரு சொட்டும் சிந்தாமல் இடமிருந்து வலமாக இழுத்தார். சுவரில் வரைந்திருந்த புனித கிறிஸ்தோபரின் கெண்டைக்காலுக்கு அருகில் வந்ததும் பிரஷைப் பக்கவாட்டில் திருப்பிக் கத்தி போட்டது போல ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு மேலே பழுப்புச் சிவப்பில் புனிதரின் கால். கோட்டுக்குக் கீழே வெறும் வெள்ளை.

அன்று அவருக்குக் கட்டு மாற்றும் நாள். இடது கணுக்காலுக்கு மேலே ஆறாத புண். நான் இந்த ஊர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். புதிதாக வரும் பெண்களைக் காலைத் தொட விடமாட்டேன் என்று அவர் அடம்பிடித்ததால் அந்த வேலை மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. வீட்டில் ஆள் இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் என்பதால் எங்கே இருப்பார் என்று தெரிந்து நேராக ஆலயத்துக்கு வந்துவிட்டேன்.

"அந்தக் காலை வெச்சுக்கிட்டு முட்டி போட்டிருக்கீங்களே, அறிவிருக்கா?"

அவர் திரும்பவில்லை. "ஜெபம் பண்றேன் சிஸ்டர்."

"கையில பிரஷ் வெச்சுக்கிட்டா?"

"எப்படிப் பண்ணினாலும் ஆண்டவர் கேப்பார்னுதானே நம்ம போதகரம்மா சொல்றாங்க."

"எந்திரிங்க. இல்லன்னா அடுத்த ஈஸ்டருக்கு ஒத்தக் கால்லதான் நிப்பீங்க."

கையைப் பிடித்துத் தூக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தேன். கட்டை அவிழ்த்தபோது எனக்குப் பின்னால் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரின் கீழ்ப்பகுதிக்கு ஆண்டுக்கு ஒரு பூச்சு அடிப்பது அவர் வழக்கம். ஊருக்கே தெரியும். யாரும் கேட்காமல், கூலி வாங்காமல் செய்வார். ஈஸ்டர் காலை நாங்கள் உள்ளே வரும்போது பெயிண்ட் வாசனையும் லில்லிப் பூ வாசனையும் கலந்து வரும்.

"வெள்ளை இந்த வருஷம் கிறிஸ்தோபர் முட்டிக்கே வந்துடும் போல இருக்கே" என்றேன்.

"ஈரம் ஏறுது. நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு, கட்டு இறுக்கமாக இருப்பதாகக் குறை சொன்னார். கட்டு இறுக்கமாக இல்லை.

எங்கள் ஊரான ஹெம்தார்ப்பின் ஆலயத்தை யாரும் ஒரே மூச்சில் கட்டவில்லை. வட்டக் கோபுரம்தான் மூத்தது. இந்தப் பக்கம் வெட்டி எடுக்கக் கல் கிடையாது. உழும்போது மேலே வரும் சிக்கிமுக்கிக் கல்தான் உண்டு. அதை வைத்து மூலை எடுக்க முடியாது என்பதால் கோபுரத்தை வட்டமாகவே எழுப்பிவிட்டார்கள். அதோடு ஒட்டிய கூடத்தின் வடக்குச் சுவரும் அதே வயது. அதில் அடைத்துவிட்ட ஒரு சின்ன வாசல் இருக்கிறது. தோள் அகலமானவன் பக்கவாட்டில்தான் நுழைந்திருப்பான். பிறகு ஆட்டு ரோமத்தில் காசு பார்த்த யாரோ தெற்குப் பக்கத்தைப் பெரிதாக்கி அகல ஜன்னல்கள் வைத்தார். கூரை வெகுகாலம் நாணல்தான். எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது சுண்ணாம்புச் சாந்து.

தெற்கு வாசலைத் திறந்தால் எதிர்ச் சுவரில் கிறிஸ்தோபர். இரண்டு ஆள் உயரம், தோளில் குழந்தை இயேசு, கையில் கழி, காலடியில் ஆறு. அவர் முகத்தைப் பார்த்தவனுக்கு அன்றைக்குத் திடீர்ச் சாவு கிடையாது என்பது நம்பிக்கை. அதனால்தான் வாசலுக்கு நேரே வரைந்தார்கள். வயலுக்குப் போகிறவன் உள்ளே வராமலே எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். பிறகு அரசரின் ஆட்கள் படம் கூடாது என்று வெள்ளையடித்து மூடினார்கள். ஊரில் மூத்தவளான ஐவி கூச்சின் தாத்தா காலத்தில் அந்த வெள்ளை உரிந்தபோது உள்ளே இருந்து ஒரு கண் பார்த்ததாம். கோலின் பன் இப்போதும் டிராக்டரை வாசலில் நிறுத்தி எட்டிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத்தான் போவான். கேட்டால் மழை வருமா என்று பார்த்தேன் என்பான்.

அந்த ஆற்றில் மீன்கள் இருந்தன. பிரசங்கம் நீண்டால் ஊர்ப் பிள்ளைகள் மீன் எண்ணுவார்கள். ஒருவர் எண்ணிக்கை மற்றவருக்கு ஒத்துவராது. நான் இந்த ஊருக்கு வந்த காலத்தில் ஒன்றிரண்டு மங்கலாகத் தெரிந்த நினைவு. பிறகு அவையும் போய்விட்டன. ஈரம் தின்றுவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள்.

வில்ஃப் கொத்தனார். இந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் இருக்கும் தாழ்ந்த செங்கல் வீடுகளில் பாதி அவர் எழுப்பியவை. அவர் நாற்பது வயதுகளில் இருந்தபோது ஒரு புயலில் வடக்குச் சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து கற்கள் உதிர்ந்தன. ஆலயத்தில் காசு இல்லை. நான் செய்கிறேன் என்று வில்ஃப் முன்வந்தார். கோடை முழுக்க அவரும் மனைவி பெரிலும் அந்தச் சுவரோடு கிடந்தார்கள். பெரில் மணல் சலித்துத் தண்ணீர் சுமந்தாள். பழைய சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கற்களுக்கு நடுவே அவர் சிமென்ட்டை அடைத்தார். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் அவர் போட்டது சிமென்ட்தான். அது கெட்டி, நீடிக்கும். அப்போது யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த ஆண்டு அறுவடை விருந்தில் ஊரே எழுந்து நின்று கை தட்டியது. வாசல் மண்டபத்தில் அவர் பெயரைச் செதுக்கிய ஒரு சிலேட்டுப் பலகையைப் பதித்தார்கள். அதற்குப் பிறகு வெளியூர்க்காரர் யார் ஆலயம் பார்க்க வந்தாலும் வில்ஃப் எங்கிருந்தாவது முளைத்துவிடுவார். கோபுரத்தைக் காட்டுவதற்கு முன்பே வடக்குச் சுவரைக் காட்டுவார். உள்ளங்கையால் தட்டி, "எறும்புகூட நுழையாது" என்பார். பெருமைக்காரர்தான். ஆனால் கெட்டவர் இல்லை.

இந்த ஈஸ்டர் ஆராதனையில், இரண்டாம் பாட்டின் நடுவே, கிறிஸ்தோபரின் முட்டிக்கு மேலே வீங்கியிருந்த ஒரு தட்டளவு சுவர்ப்பூச்சு விழுந்து லில்லிப் பூக்களுக்கிடையே உடைந்தது. போதகர் கில்லியன் நிறுத்தாமல் பாடி முடித்தார். அடுத்த வாரம் கட்டடக் கலைஞர் வந்தார். அவருக்குப் பின்னால் சுவரோவியங்களைப் பழுதுபார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். ரோவீனா என்று பெயர். முப்பது வயது இருக்கும். தலையில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு சுவரோடு முகத்தை ஒட்டி நின்றாள். வீங்கிய இடத்தில் மெல்லிய தாளை ஒட்டி, பஞ்சு வைத்த பலகையால் முட்டுக் கொடுத்தாள். நான் தினமும் அவளுக்குத் தேநீர் கொண்டு போனேன். அந்த ஆலயத்தில் மே மாதத்திலும் விரல் விறைக்கும்.

ஒரு நாள் நான் கோப்பையை நீட்டும்போது வில்ஃப் உள்ளே வந்தார். வழக்கம்போலத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நேராகச் சுவரிடம் போனார். ரோவீனாவுக்கு அவர் யாரென்று தெரியாது.

"என்னம்மா, ரொம்ப மோசமா?"

"மோசம்தாங்க. சுவர் மூச்சு முட்டிக் கெடக்கு. மழைத் தண்ணி கல்லுக்குள்ள போறது தப்பில்ல. சுண்ணாம்பா இருந்தா வெயில் அடிச்சதும் வந்த வழியே வெளிய போயிடும். எவனோ ஒரு மகா புத்திசாலி வெளிப்பக்கம் முழுக்க சிமென்ட்டை அள்ளி அப்பியிருக்கான். தண்ணி எங்க போகும்? உள்ள வருது. படத்தைப் பின்னால இருந்து தள்ளுது."

வில்ஃப் தொப்பியின் விளிம்பைத் திருகினார். "கெட்டியா இருக்கட்டும்னு நெனச்சிருப்பான்."

"கெட்டியாத்தான் இருக்கு. அதுதான் வினையே."

"எறும்புகூட நுழையாது" என்றார். வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது.

அவள் சிரித்தாள். "ஆள் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார். அவர் நிம்மதியாப் படுத்திருக்கார், நாம இங்க அவஸ்தைப்படுறோம்."

"இருக்கும், இருக்கும்" என்றார் வில்ஃப். தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் வாசல் மண்டபத்தைத் தாண்டும்வரை காத்திருந்தேன். பிறகு ரோவீனாவைக் கூட்டிப் போய்ப் பலகையைக் காட்டினேன். அவள் இருமுறை படித்தாள். கழுத்திலிருந்து காது வரை சிவந்துவிட்டது.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ மூச்சு விட்டாத்தானே சொல்றதுக்கு" என்றேன்.

அதன் பிறகு வில்ஃப் கதவைத் திறக்கவில்லை. என்னிடம் அவர் வீட்டுச் சாவி உண்டு. போய்ப் பார்த்தால் சவரம் இல்லை, முந்திய நாள் சூப் அடுப்பிலேயே ஆறிப் போயிருந்தது. அடுப்பை மூட்டிச் சூப்பைச் சூடாக்கிக் கொடுத்தேன், அவர் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தேன்.

"சிமென்ட் போட்டது குத்தமா?" என்றேன். "அந்தக் காலத்துல எல்லாரும்தான் போட்டாங்க. இந்தக் கவுன்ட்டியில பாதி சர்ச்சுக்கு அதே கதைதான்னு அந்தப் பொண்ணே சொல்றா. தெரியாம செஞ்சதுக்கு இவ்வளவு வேஷம் வேணாம். சாப்பிடுங்க."

அவர் ஸ்பூனை எடுத்தார். "அந்த அடிச் சுவரை என்ன பண்ணப் போறாங்களாம்?"

"பூச்சைக் கொத்தி எடுக்கப் போறாங்க. கீழ படம் எதுவும் மிஞ்சல, வெறும் செத்த பூச்சுதான், எடுத்துட்டா சுவர் காயும்னு சொன்னா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம். ஊர் சம்மதிச்சா பிஷப்போட திருமண்டலத்துக்கு எழுதிடுவாங்க."

"எவ்வளவு உயரம்?"

"முட்டி வரைக்கும்."

ஸ்பூன் கிண்ணத்துக்குள் விழுந்தது. சூப் மேஜைத் துணியில் தெறித்தது. நான் துணியை எடுத்து அலசப் போடும்போது அவர் என் முதுகைப் பார்த்தே சொன்னார். முகம் பார்த்துச் சொல்ல அவரால் முடிந்திருக்காது.

"மீன் எல்லாம் இருக்கு சிஸ்டர். பெயிண்ட்டுக்கு அடியில இருக்கு."

வேலை முடிந்த மூன்றாவது குளிர்காலத்தில் சுவரின் அடியில் உள்பக்கம் பச்சைக் கறை வந்ததாம். தரையைத் துடைக்கும்போது பெரில்தான் முதலில் பார்த்தாள். ஜனங்கள் விடுகிற மூச்சு குளிர்ந்த சுவரில் படிகிறது என்று இவர் சொன்னார். அவள் நம்பினாள். ஈஸ்டர் வருகிறது, ஊர் பார்க்கும் என்று மிச்சமிருந்த வெள்ளையை எடுத்துப் பூசினார். முதல் வருடம் படத்துக்குக் கீழே மட்டும்தான். அடுத்த வருடம் கறை ஏறியிருந்தது. கறையை மூட வேண்டுமென்றால் ஒரு மீனையும் மூடியாக வேண்டும்.

"ஒரே ஒரு மீன்தானேன்னு நெனச்சேன். அதுவும் ஓரத்துல கெடந்தது."

"அப்புறம்?"

"அப்புறம் பக்கத்துல இருந்தது. கறை நிக்கவே இல்ல."

"தப்பு சுவர்லன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அந்த மூணாவது வருஷமே. நான் கொத்தன் சிஸ்டர். ஈரம் எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெரிலுக்கு அந்த மீனுன்னா உசிரு. சின்ன வயசுல எண்ணினவ. எங்க போச்சுன்னு கேட்டா. ஈரம் தின்னுடுச்சு, அந்த வெறும் எடத்தைத்தான் பூசறேன்னேன். சர்ச்சுலயே உக்காந்து அழுதா. பக்கத்துல நின்னு கைக்குட்டை குடுத்தேன். சட்டைப் பையிலதான் பிரஷ் இருந்துச்சு."

நான் மனம் உருகிப் பழக்கப்பட்டவள் இல்லை. இறந்துகொண்டிருக்கும் ஆண்கள் என்னிடம் இதைவிட மோசமானவற்றைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் நாளைக்கும் இந்த ஊரில் ரொட்டி வாங்கப் போக வேண்டியவர்.

"அழுது முடிச்சிட்டா காலை நீட்டுங்க" என்றேன். கட்டுப் போட்டு முடித்த பிறகு சொன்னேன். "வெள்ளிக்கிழமை கூட்டத்துல நீங்களே சொல்லணும்."

"என்னால முடியாது. சிமென்ட் போட்டவன்னு சொல்லட்டும், தாங்கிக்கிறேன். முட்டாள்னுதான் அர்த்தம். இது வேற. இது தெரிஞ்சு செஞ்சது."

"சொல்லலன்னா உளி வைப்பாங்க, மீன் எல்லாம் குப்பை வண்டியில போகும்."

"அந்தப் பொண்ணுகிட்ட நீங்க தனியாப் போய்ச் சொல்லிடுங்களேன். பேர் வராம."

"பெயிண்ட் அடிச்சது யாருன்னு ஊருக்குத் தெரியாதா? பேர் வராம எப்படிச் சொல்றது, தேவதூதன் வந்து அடிச்சான்னா? ஊர் கை தூக்கற வரைக்கும் பார்ப்பேன் வில்ஃப். நீங்க எந்திரிக்கலன்னா நான் எந்திரிப்பேன்."

கதவைச் சாத்தும்போது பார்த்தேன், சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். அது போதும் என்று வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஞாயிற்றுக்கிழமையைவிட அதிகக் கூட்டம். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து பெஞ்சுகளின் மேல் கிடந்தது. போதகர் கில்லியன் முன்னால் நின்றார். அவருக்கு நான்கு ஊர்ச் சபைகள். எப்போதும் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டேதான் பேசுவார். சபைப் பொறுப்பாளரான கோலின் பன் முதல் வரிசையில். தொண்ணூறைத் தொட்ட ஐவி கூச் அவன் பக்கத்தில், மடியில் கைப்பையோடு. வில்ஃப் வந்து கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சவரம் செய்திருந்தார். சவரம் செய்த இடத்தில் இரண்டு வெட்டு.

ரோவீனா சுவரைப் பற்றிச் சொன்னாள். சிமென்ட் என்ற சொல்லை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். யார் போட்டது என்று சொல்லவில்லை. எல்லாத் தலைகளும் திரும்பாமல் இருப்பதற்குப் பட்ட பாடு கடைசி வரிசையிலிருந்து நன்றாகத் தெரிந்தது. வெளியே சிமென்ட்டை எடுத்துச் சுண்ணாம்பு அடைக்க வேண்டும், உள்ளே முட்டி வரை பூச்சைக் கொத்த வேண்டும் என்று முடித்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் ஐவி. "அங்கதானே மீன் இருந்துச்சு? எவ்வளவு மீன்! அதெல்லாம் எங்க போச்சு?"

"ஈரத்துல கரைஞ்சிருக்குங்க" என்றாள் ரோவீனா.

கோலின் சொன்னான்: "ஐவி ஆன்ட்டிதான் புடிச்சு வறுத்துத் தின்னிருப்பாங்க."

"உங்க அப்பன் தின்னான்டா. எங்க பெஞ்சுல உக்காந்து எங்க கேக்கையும் தின்னான்."

எல்லாரும் சிரித்தார்கள். போதகரும் சிரித்துவிட்டு, "சரி, சம்மதம்னா கையைத் தூக்குங்க" என்றார். கைகள் எழ ஆரம்பித்தன. நான் வில்ஃபைப் பார்க்கவில்லை. முன் பெஞ்சைப் பிடித்து எழ ஆயத்தமானேன். அதற்குள் எங்கள் பெஞ்சு கிரீச்சிட்டது.

"மீன் கரையல" என்றார் வில்ஃப்.

கைகள் அப்படியே நின்றன.

"நான் அதுமேல பெயிண்ட் அடிச்சிட்டேன். கறை தெரியக் கூடாதுன்னு. வருஷா வருஷம். கறை என் சிமென்ட்டால வந்துச்சு. எனக்குத் தெரியும். அப்பவே தெரியும்." மூச்சு வாங்கினார். "கொத்திடாதீங்க. அதுக்கு அடியில இருக்கு."

ஒரு கை மட்டும் இன்னும் மேலே இருந்தது. அதன் சொந்தக்காரி அதைக் கவனித்துக் கீழே இறக்கினாள். ரோவீனா சுவரிடம் போய், தலை விளக்கைப் போட்டுக் குனிந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

கோலின் எழுந்து திரும்பினான். சிரிப்பு போயிருந்தது. "ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அந்தப் பெயிண்ட்டுக்காக உங்களுக்கு நன்றி சொன்னோம் வில்ஃப். பேர் சொல்லி. இதே எடத்துல."

"சொன்னீங்க. நான் உக்காந்து கேட்டேன்."

"எங்க அப்பா சாகற வரைக்கும் உங்களப் பத்திப் பெருமையாப் பேசினாரு."

"தெரியும் கோலின்."

அதற்கு மேல் கோலினுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. உட்கார்ந்தான். ஐவிக்கு இருந்தது. அவள் திரும்பக்கூட இல்லை. பலிபீடத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"டேய் வில்ஃப். பெரிலுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒருநாளும் சொல்லலயா?"

"இல்ல."

"அவ படுக்கையில கெடந்தப்பகூடவா?"

வில்ஃப் தலையை மட்டும் அசைத்தார். ஐவியின் முதுகுக்கு அது தெரிந்திருக்காது, ஆனாலும் அவள் திரும்பக் கேட்கவில்லை. கைப்பையைத் திறந்தாள், மூடினாள். அந்தக் கொக்கிச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"அந்தப் பலகையை எடுத்துடுங்க" என்றார் வில்ஃப் போதகரிடம். "வாசல்ல இருக்கறத. இன்னிக்கே. ஸ்க்ரூ டிரைவர் கொண்டாந்திருக்கேன்."

உண்மையிலேயே கோட்டுப் பையிலிருந்து எடுத்தார். கில்லியன் கார்ச் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"முடியாது வில்ஃப். ஆலயத்துல பதிச்ச எதையும் திருமண்டல அனுமதி இல்லாம எடுக்கக் கூடாது. எழுதிப் போடணும், வாசல்ல அறிவிப்பு ஒட்டணும், ஆட்சேபம் கேக்கணும். இந்த வருஷம் நடக்காது."

"என் பேருதானே?"

"உங்க பேருதான். ஆனா பலகை சபையோடது."

எங்களுக்கு முன்னால் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். வில்ஃப் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டார். முதல் தடவை பை வாய்க்குள் போகவில்லை.

கொத்தும் முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கமாகக் கூட்டம் முடிந்தால் தேநீரும் கேக்கும் இருக்கும். அன்றும் இருந்தது. எல்லாரும் கோப்பையை எடுத்துக்கொண்டு கோபுரத்தடியில் தோட்டத்தைப் பற்றியும் ருபார்ப் செடி எப்படி வந்திருக்கிறது என்றும் பேசினார்கள். வில்ஃபிடம் யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அவர் பக்கம் யாரும் வரவும் இல்லை. நான் கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை கேட்டார். அவருக்குச் சர்க்கரை ஆகாது, இல்லை என்றேன்.

ரோவீனா வந்து எதிரே நின்றாள். "அன்னிக்கு நான் பேசினது..."

"சரியாத்தான் பேசினே. செத்துட்டான்னு சொன்னது மட்டும்தான் தப்பு."

அவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பெயிண்ட்ட எடுக்கும்போது மீனும் சேர்ந்து வந்துடலாம். உறுதி சொல்ல முடியாது. எந்த எடத்துல என்ன பெயிண்ட் அடிச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நாளைக்குக் காலைல சின்னதா சோதிச்சுப் பாக்கறேன். நீங்க வரணும்னு கட்டாயம் இல்ல. இப்பவே சொல்லிட்டாலும் போதும்."

"வரேன்" என்றார்.

மறுநாள் காலை நான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். தபால் நிலையத்தருகே இரண்டு பேர் நின்றார்கள். வழக்கமாக, "என்ன வில்ஃப், சுவர் நிக்குதா?" என்று கேட்பார்கள். அன்று குட் மார்னிங் மட்டும் சொன்னார்கள். அவரும் சொன்னார். வாசல் மண்டபத்தில் தலையைக் குனிந்துகொண்டு கடந்தார்.

உள்ளே ஐவி கூச் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். கோலின் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறான். வில்ஃபுக்கு அவள் வணக்கம் சொல்லவில்லை. ஆனால் தன் பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சற்று நேரம் நின்றுவிட்டு அவர் அதில் உட்கார்ந்தார்.

ரோவீனா கேட்டாள். வில்ஃப் விரலால் காட்டினார். இடது பக்கம் முழுக்கச் சாதாரண எமல்ஷன். நடுவிலும் அதுதான். வலது ஓரம் மட்டும் வேறு.

"அங்க இனாமல். பெரில் செத்த வருஷம் அடிச்சது. சமையலறைக் கதவுக்கு வாங்கினது மிச்சம் இருந்துச்சு. இதை அடிச்சா கொஞ்ச வருஷத்துக்கு வர வேண்டியதில்லன்னு நெனச்சேன். எனக்கு இங்க வரப் புடிக்கல அப்ப."

ரோவீனாவின் முகம் மாறியது. "இனாமல் ஒட்டினா விடாது. முதல்ல எமல்ஷன்ல பாக்கறேன். அங்க நம்பிக்கை இருக்கு."

"வேணாம். இனாமல்ல முதல்ல பாரு."

"எதுக்கு?"

"நான் உக்காந்திருக்கும்போதே பாத்துடு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். ஒரு தீப்பெட்டி அளவுக்கு இடத்தைக் குறித்து, பஞ்சில் ஏதோ மருந்தைத் தொட்டு ஒற்றினாள். காத்திருந்தாள். மெல்லிய கத்தியை ஓரத்தில் நுழைத்து நெம்பினாள். பெயிண்ட் ஒரே தகடாக வந்தது. பின்னால் சுவரில் வெறும் ஈர மண் நிறம். தகட்டைத் திருப்பிப் பஞ்சின் மேல் மல்லாக்க வைத்தாள். அதன் முதுகில், வலது இடமாக மாறி, சிவப்புக் கோட்டில் செதில்கள் இருந்தன. ஒரு துடுப்பு. ஒரு வாலின் ஆரம்பம்.

ஐவி குனிந்து பார்த்தாள். "ஆமா, இதுதான்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

வில்ஃப் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து கிட்டே வந்தார். தொடப் போகிறார் என்று நினைத்து ரோவீனா கையைக் குறுக்கே வைத்தாள். அவர் தொடவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

"திரும்ப ஒட்ட முடியுமா?"

"இல்லைங்க."

"சரி" என்றார். "அடுத்த எடத்தைப் பாரு."

ரோவீனா தகட்டை ஒரு தட்டில் வைத்து மூடிவிட்டு, விளக்கை இடது பக்கம் நகர்த்தினாள். ஐவி தன் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். வில்ஃபின் நாற்காலியை நான் நகர்த்தினேன்.